விரல் நோகாமல் டைப் அடிக்க...

மரக்காணத்து உப்பளங்களில் உப்பு வாருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கழி ஒன்று. அதன் முனையில் ஒரு பலகை. வெயிலில் வெள்ளை வெளேரென்று விளைந்து கிடக்கும் உப்பை, அந்தப் பலகையால் கரைக்கு இழுத்துக் குவிக்கிறார்கள். கழி குட்டையாக இருந்தால் முதுகு வளையும். அதிகம் நீண்டு விட்டால் தோள் கடுக்கும். ஆகவே, ஆளுக்கு ஏற்ற கழி வேண்டும். இதை அவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்கவில்லை. உடம்பே சொல்லிக் கொடுத்தது.

அரிவாள் வாங்கப் போனாலும் அப்படித்தான். நாலைந்து அரிவாளைக் கையில் தூக்கிப் பார்த்து, பிடியை இறுக்கிப் பார்த்து, பிறகுதான் மடியிலிருந்து பணத்தை எடுப்போம்.

ஆனால், இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுவதும் கை வைக்கிற கருவி எது? அரிவாளும் அல்ல, கழியும் அல்ல. கம்ப்யூட்டரின் விசைப்பலகை! 'கீபோர்டு' என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். அதை மட்டும் நாம் தொட்டுப் பார்த்து வாங்குவதில்லை. "விளக்கு எரிகிறதா? கருப்பு நிறமா? விலை குறைவா?" இந்த மூன்று கேள்வியோடு வியாபாரம் முடிந்து விடுகிறது.

இது சரிதானா?

இடையஞ்சாவடியில் ஒரு வீடு

புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில்லை ஒட்டியிருக்கிறது இடையஞ்சாவடி கிராமம். விழுப்புரம் மாவட்டத்து ஊர். 1968-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி ஆரோவில் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்தின் வாழ்க்கையே மாறிப் போயிற்று. வயலும் முந்திரித் தோப்பும் மட்டும் கதி என்று இருந்த குடும்பங்களில், இன்று பட்டறைக்குப் போகிறவர் உண்டு. அலுவலகத்துக்குப் போகிறவர் உண்டு. புதுச்சேரிக் கல்லூரிக்குப் பஸ் ஏறுகிற பெண்களும் உண்டு.

இங்கே ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். தகப்பனார் கூலி வேலைக்குப் போகிறவர். தாயார் கையெழுத்துப் போடக் கற்றுக் கொண்டதே சமீபத்தில்தான். மகளோ பட்டம் பெற்று, சர்க்கார் உத்தியோகத்துக்குப் படிக்கிறாள். தட்டச்சர் வேலைக்கு மனுப் போட வேண்டுமென்றால், தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுப் பரீட்சை தேறியிருக்க வேண்டும். ஒன்றிலாவது 'ஹையர்', மற்றதில் 'லோயர்' என்பது விதி. இரண்டிலும் 'ஹையர்' இருந்தால் இன்னும் மேல்.

அந்தப் பெண் காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு மணி நேரம் தட்டுகிறாள். மாலையில் வீட்டில் பழைய லேப்டாப்பில் தட்டுகிறாள். பக்கத்து வீட்டாருக்கு மனு எழுதித் தருகிறாள். இரவில் மணிக்கட்டு வலிக்கிறது. "தைலம் தடவிக் கொள்" என்கிறார் தாயார். வேறு என்ன சொல்வார், பாவம்!

இப்படிப்பட்ட வீடுகள் இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. 2011-ம் ஆண்டு செப்டம்பரில் பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு, மேஜையே இல்லாத வீட்டிலும் கம்ப்யூட்டர் நுழைந்து விட்டது. எந்திரம் வந்தது, அதை எப்படி வைத்து, எப்படி உட்கார்ந்து, எதில் விரல் வைத்துத் தட்டுவது என்ற அறிவு வரவில்லை. குறை அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

டைப் அடிப்பதில், ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். நிமிடத்துக்கு 30 சொல் வீதம் ஒருவர் அடித்தால் 150 தட்டு. ஒரு மணி நேரத்தில் 9,000 தட்டு. நாலு மணி நேரம் உட்கார்ந்தால் 36,000 தட்டு!

ஒரு நாளில் முப்பத்தாறாயிரம் முறை விரல் இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் அதிக பலம் செலவானால், மாலைக்குள் அது எவ்வளவு ஆகும்? மாவாட்டுகிற கைக்காவது நடுவில் ஓய்வு உண்டு. இந்த விரல்களுக்கு இல்லை.

நமது மணிக்கட்டின் உள்ளே எலும்பாலும் தசைநாராலும் அமைந்த ஒரு குறுகிய வழி இருக்கிறது. சிறு குகை போன்றது. அதன் வழியாக ஒரு முக்கியமான நரம்பும், விரல்களை மடக்குகிற நாண்களும் போகின்றன. மணிக்கட்டு நேராக இருக்கும்போது அங்கே நெருக்கடி குறைவு. கையை மேல் நோக்கி வளைத்தாலும் கீழ் நோக்கி வளைத்தாலும் நெருக்கடி கூடுகிறது. நரம்பு நசுங்கினால், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி — இவை மரத்துப் போகும். சுரீர் சுரீரென்று குத்தும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பி விடும்.

டைப் அடிப்பதால் மட்டுமே இந்த நோய் வருகிறது என்று மருத்துவ ஆராய்ச்சிகள் உறுதியாகச் சொல்லவில்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறை, கர்ப்ப காலம் இவையும் காரணமாகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆகவே, விரல் மரத்துப் போவது வாரக்கணக்கில் நீடித்தால் தைலத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் போவதுதான் புத்திசாலித்தனம். ஆனால், நோய் வந்தாலும் வராவிட்டாலும், கையை வளைத்து வைத்து மணிக்கணக்கில் தட்டினால் வலி வரும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. தட்டிப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

முதலில் மேஜையைப் பாருங்கள்

இங்கே ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். நாம் சொல்லி விடுகிறோம். ஐயாயிரம் ரூபாய்க்கு விசைப்பலகை வாங்கி, அதை உயரமான மேஜையில் வைத்தால், அந்த ஐயாயிரமும் வீண்!

நம் வீடுகளில் இருக்கிற சாப்பாட்டு மேஜை சுமார் இரண்டரை அடி உயரம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மேஜையில் தட்டினால், தோள் இரண்டும் மேலே தூக்கிக் கொள்ளும், மணிக்கட்டு வளையும். பலகை இருக்க வேண்டிய இடம் முழங்கை மட்டம். முழங்கையை விலாவோடு சேர்த்து, கையை முன்னே நீட்டினால் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே விசை இருக்க வேண்டும்.

புது மேஜை வாங்க வேண்டாம். நாற்காலியில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டு உயரமாக உட்காரலாம். கால் தரைக்கு எட்டாவிட்டால், காலுக்குக் கீழே ஒரு மரப் பலகையையோ இரண்டு செங்கல்லையோ வைத்துக் கொள்ளலாம். காசு செலவில்லை.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவர்களும் உண்டு. அதில் தவறே இல்லை. மண்டிக் கடைகளில் கணக்குப்பிள்ளைகள் அப்படித்தானே ஆயுள் முழுவதும் எழுதினார்கள்! அவர்களுக்கு முன்னால் சாய்வான மூடியுள்ள பெட்டி ஒன்று இருக்கும். எழுதுவதற்கு அந்தச் சாய்வு நல்லது. டைப் அடிக்கச் சாய்வு ஆகாது. தட்டையான, தாழ்ந்த மணைப் பலகை போதும். மடியிலேயே லேப்டாப்பை வைத்துக் குனிந்து தட்டுவதுதான் கழுத்துக்கும் கைக்கும் கேடு.

விசைப்பலகையின் அடியில், பின்பக்கத்தில், இரண்டு சின்னக் கால்கள் மடங்கிக் கிடக்கும். வாங்கி வந்தவுடன் எல்லோரும் செய்கிற முதல் வேலை, அந்தக் கால்களை விரித்து நிறுத்துவது. பலகை பின்பக்கம் உயர்ந்து, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் கை? மணிக்கட்டு மேல் நோக்கி வளைகிறது. அந்தக் கால்களை மடக்கி வையுங்கள். இன்றைக்கே செய்யலாம். பலருக்கு வலி பாதி குறைய இது ஒன்றே போதும் என்பது நம் எண்ணம்.

லேப்டாப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. திரையும் விசைகளும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. விசை கைக்குச் சரியான உயரத்தில் இருந்தால், திரையைப் பார்க்கக் கழுத்து குனிகிறது. திரையை உயர்த்தினால் கை தூக்கிக் கொள்கிறது. தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தட்டுகிறவர்கள் லேப்டாப்பை நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி வைத்து, தனியாக ஒரு விசைப்பலகையைச் செருகிக் கொள்வதே உத்தமம். சாதாரணப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ரப்பரா, ஸ்பிரிங்கா?

இனி கடைக்குப் போவோம்.

மலிவான பலகைகளில் விசைகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள் இருக்கும். அழுத்தினால் குமிழ் அமுங்கி, கீழே உள்ள பிளாஸ்டிக் தாளில் பட்டு, எழுத்து விழுகிறது. பெரும்பாலும் அடி வரைக்கும் அழுத்தினால்தான் விழும். புதிதில் நன்றாக இருக்கும். நாளாக நாளாக ரப்பர் இறுகி, ஒரு விசை கனமாகவும் ஒரு விசை லேசாகவும் ஆகி விடும்.

விலை கூடிய வகையில், ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங். 'மெக்கானிக்கல்' என்று கடையில் கேட்க வேண்டும். விசை சுமார் நாலு மில்லிமீட்டர் இறங்கும். ஆனால், பாதி வழியிலேயே எழுத்து விழுந்து விடும். அடிவரை குத்த வேண்டியதில்லை. சில வகைகளில் எழுத்து விழும் இடத்தில் விரலுக்கு ஒரு சின்னத் தட்டுத் தெரியும். சிலவற்றில் 'டக்' என்ற ஓசையும் கேட்கும். டி.டி.பி. கடைகளில் டி.வி.எஸ். கோல்டு பலகையின் 'டக டக' சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, லேப்டாப்பில் இருப்பது போன்ற தட்டை விசை. ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் இறங்கும். லேசான கைக்காரர்களுக்கு ஏற்றது. ஆனால், டைப்ரைட்டரில் பழகியவர்கள் இதில் வந்து உட்கார்ந்தால் தொல்லை. ஏன் தெரியுமா? டைப்ரைட்டரில் விரலின் பலத்தால்தான் எழுத்துக் கம்பி எழும்பிப் போய் ரிப்பனில் அடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டர் விசையையும் ஓங்கிக் குத்துகிறார்கள். தட்டை விசைக்கு அடியில் இடமே இல்லை. குத்திய பலம் முழுவதும் விரல் நுனிக்கே திரும்பி வருகிறது. மேஜையைக் குத்துவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

ஆகவே, இன்ஸ்டிடியூட்டில் பயின்ற பெண்ணுக்கு, விரலில் தட்டுத் தெரிகிற மெக்கானிக்கல் பலகை நல்ல முதலீடு. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் ஆகலாம். அந்தப் பணம் இல்லையா? நல்ல ரப்பர்ப் பலகையே போதும். மெதுவாகத் தட்டப் பழகிக் கொள்ள வேண்டும். ஓசை மிகுந்த வகையை, ஒரே அறையில் எல்லோரும் படுத்துறங்குகிற வீட்டில் வாங்காதீர்கள். பாட்டியம்மாவின் சாபத்துக்கு ஆளாவீர்கள்!

சிறிய பலகையில் ஒரு ஏமாற்றம்

இப்போது 'சிறிய பலகை' என்று ஒரு மோகம் பரவுகிறது. வலது பக்கத்து எண் விசைகளை வெட்டி எறிந்து விடுகிறார்கள். அதில் நன்மை உண்டு. மவுஸ் அருகில் வருகிறது; வலது கை தூரம் நீள வேண்டியதில்லை. கணக்கு எழுதாதவர்களுக்கு எண் விசைகள் அவசியமே இல்லை. (ஈ-சேவை மையத்தில் ஆதார் எண்ணும் பட்டா எண்ணும் அடிக்கிறவர்களுக்கு அவை கட்டாயம் வேண்டும்.)

ஆனால், இன்னும் சிறிதாக்குகிறோம் என்று, வலது ஓரத்து விசைகளையும் நசுக்கிச் சின்னதாக்குகிற பலகைகள் இருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் அடிக்கிறவர்களுக்கு அந்த ஓரத்தில் இருப்பவை வெறும் நிறுத்தக் குறிகள். அவர்களுக்கு நஷ்டமில்லை. தமிழுக்கோ அங்கேதான் உயிர் இருக்கிறது!

எப்படி என்று சொல்ல வேண்டுமானால், தமிழ் எழுத்து விசைக்குள் புகுந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

247 எழுத்தும் நாற்பத்துச் சொச்சம் விசையும்

அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் 1868-ல் தட்டச்சுப் பொறிக்குப் பதிவுரிமை பெற்றார். 1874-ல் ரெமிங்டன் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. இன்று நம் லேப்டாப்பில் இருக்கிற ஆங்கில எழுத்து வரிசை அன்று பிறந்ததுதான். எழுத்துக் கம்பிகள் ஒன்றோடு ஒன்று சிக்காமலிருக்க அப்படி அமைத்தார்கள் என்று பரவலாகச் சொல்வதுண்டு. அதை மறுக்கிற ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். எப்படியோ, கம்பிகள் போய் விட்டன. வரிசை மட்டும் நம்மை விடவில்லை.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இவ்வளவையும் ஒரு கைப்பெட்டிக்குள் எப்படி அடக்குவது? யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வாழ்ந்த ஆர்.முத்தையா என்ற தமிழர் இந்தப் புதிரை விடுவித்தார். புள்ளியையும் விசிறியையும் தனி விசைகளாக்கினார். அந்த விசைகளைத் தட்டினால் குறி விழும். ஆனால் காகிதம் நகராது. அடுத்து எழுத்தைத் தட்டினால் அது குறியின் அடியிலேயே போய் உட்காரும். 'நகரா விசை' என்று அதற்குப் பெயர். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைப் போற்றுவது முற்றிலும் தகும்.

ஆகவே, பழைய டைப்ரைட்டர் முறையில் 'க்' என்று அடிக்கப் புள்ளி முதலில், ககரம் பிறகு. 'கெ' என்று அடிக்கக் கொம்பு முதலில். கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கை போயிற்று. 1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களை நீக்கியது. அதனால் எழுத்து அச்சுக்காரருக்கும் சுமை குறைந்தது, தட்டச்சருக்கும் குறைந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு விசை வரிசை. ஓர் அலுவலகத்தில் அடித்ததை அடுத்த அலுவலகத்தில் திறந்தால் கோழி கிளறியது போலத் தெரிந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று பல நாட்டு அறிஞர்களும் பேசி, ஒரு பொது விசைமுறை உருவாயிற்று. தமிழக அரசும் அதே ஆண்டில் அதை ஏற்றது. 'தமிழ் 99' என்பது அதுதான்.

அதன் அழகைச் சொல்கிறோம், கேளுங்கள். உயிரெழுத்துகள் எல்லாம் இடது கையில். மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கையில். குழந்தைக்குச் சொல்லித் தருவது போல, மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய். ம தட்டி ஆ தட்டினால் 'மா'. ஒரே எழுத்தை இரு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்று அடிக்க நாலே தட்டு: அ, ம, ம, ஆ. ந-வுக்குப் பின் த வந்தாலும், ஞ-வுக்குப் பின் ச வந்தாலும் அப்படியே. புள்ளியை எந்திரமே வைத்துக் கொள்ளும். இடது கை ஒரு தட்டு, வலது கை ஒரு தட்டு என்று மாறி மாறிப் போவதால், இரு கைக்கும் சுமை பங்காகிறது.

இளைஞர்களோ இன்று ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழ் வரவழைக்கிறார்கள். அதை இழிவு என்று சொல்ல மாட்டோம், அவசரத்துக்கு உதவுகிறது. ஆனால் கைக்கு எவ்வளவு நஷ்டம் பாருங்கள். 'வணக்கம்' என்று ஆங்கில வழியில் அடிக்க எட்டுத் தட்டு. தமிழ் 99-ல் ஆறு. 'மரக்காணம்' அங்கே பதினொன்று; இங்கே எட்டு. ஒரு நாளில் முப்பத்தாறாயிரம் தட்டுத் தட்டுகிறவருக்கு, நாலில் ஒரு பங்கு மிச்சமென்றால் ஒன்பதாயிரம் தட்டு மிச்சம்! எந்த விலை உயர்ந்த விசைப்பலகையும் இந்த லாபத்தைத் தராது.

இதற்காகத் தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. விண்டோஸிலேயே தமிழ் 99 அடங்கியிருக்கிறது. ஆப்பிள் கம்ப்யூட்டரிலும் உண்டு. விசைகளின் மேல் ஒட்டுகிற தமிழ் எழுத்து ஸ்டிக்கர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. முதல் இரண்டு மாதம் ஒட்டிக் கொள்ளுங்கள். பிறகு கை பழகியதும் உரித்து விடலாம். ஓரம் பிய்ந்த ஸ்டிக்கர் விரலில் உராய்ந்து எரிச்சல் தரும்.

சிறிய பலகையின் விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலப் பலகையில் நிறுத்தக் குறிகளும் அடைப்புக் குறிகளும் இருக்கிற அந்த வலது ஓரத்தில், தமிழ் 99-ல் என்னென்ன எழுத்து இருக்கின்றன தெரியுமா? ச, ஞ, ந, ய, ழ! இவையில்லாமல் தமிழில் பேச முடியுமா? இந்த ஐந்தும் வலது கைச் சுண்டு விரலுக்கு உரியவை. ஐந்து விரலிலும் பலம் குறைந்த விரல் அது. அந்த விசைகள் நசுங்கிச் சிறுத்துப் போயிருந்தால், சுண்டு விரல் தடுமாறும்; கை வெளிப்பக்கமாகத் திரும்பும்; வலி வரும். ஆகவே, தமிழ் அடிக்கிறவர்கள் எண் விசை இல்லாத பலகை வாங்கலாம். ஓரத்து விசை சிறுத்த பலகை வாங்கக் கூடாது. எல்லா எழுத்து விசையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்குச் சுமார் 19 மில்லிமீட்டர் இருந்தால் அது முழு அளவுப் பலகை. கடையில் ஒரு சாதாரண ஸ்கேலை வைத்துப் பார்த்து விடலாம்.

உப்புக் காற்றுக்கு என்ன செய்வது?

கடற்கரையோரத்து மக்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. உப்புக் காற்று! சைக்கிளையே தின்கிற காற்று கம்ப்யூட்டரை விடுமா? உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் உலோகத்தை அரிக்கும். ரப்பர்ப் பலகையில் மின்சாரம் ஓடும் தடங்கள் பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே மூடியிருப்பதால், ஓரளவு தாங்கும். மெக்கானிக்கல் வகையில் நல்ல தயாரிப்பாளர்கள் தொடு முனைகளுக்குத் தங்க முலாம் பூசுகிறார்கள், அதுவும் தாங்கும். மட்டமான போலிச் சரக்குத்தான் ஓராண்டில் பல்லைக் காட்டும்.

வேலை முடிந்ததும் பலகையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். டைப்ரைட்டருக்கு உறை போடாமல் எந்த இன்ஸ்டிடியூட் மாஸ்டராவது வீட்டுக்குப் போவாரா? வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தட்டி, லேசாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். தட்டும்போது காப்பித் தம்ளரைப் பக்கத்தில் வைக்காதீர்கள். இனிப்புச் சிந்தினால் எறும்பு வரும். எறும்பு விசைக்குள் குடித்தனம் நடத்தும்.

யார் செய்ய வேண்டிய வேலை?

இவ்வளவும் வீட்டார் செய்யக் கூடியவை. வீட்டாரால் ஆகாத ஒன்றும் இருக்கிறது.

தமிழ் 99-ஐ அரசு 1999-லேயே ஏற்றது. ஆனால் அதற்குப் பின்னும் நெடுங்காலம், தட்டச்சுப் பள்ளிகளில் பயிற்சியும் பரீட்சையும் பழைய டைப்ரைட்டரின் வரிசையிலேயே நடந்தன. பிள்ளை காலையில் ஒரு வரிசையைக் கற்கிறது. மாலையில் கம்ப்யூட்டரில் வேறொரு வரிசை. காலையில் புள்ளி முதலில். மாலையில் புள்ளி கடைசியில்! ஒரு கைக்கு இரண்டு எஜமானர்கள். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கு நாம் சொல்வது இதுதான்: பரீட்சை எந்த வரிசையில் நடக்கிறதோ, அது தேறும் வரை வீட்டிலும் அதையே பழகு, பழைய டைப்ரைட்டர் வரிசையைக் கம்ப்யூட்டரில் தருகிற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தேறிய மறு நாள் தமிழ் 99-க்கு மாறி விடு. இப்படி யோசனை சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு. கற்பிப்பதும் சோதிப்பதும் வேலை வாங்குவதும் ஒரே வரிசையில் இருக்க வேண்டாமா? கல்வித் துறையும் தேர்வாணையமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினால் தீர்ந்து விடுகிற விஷயம் இது.

இன்னொன்று. ஈ-சேவை மையங்களிலும், பத்திர எழுத்தர் கடைகளிலும், ஜெராக்ஸ் கடைகளிலும் நாளுக்கு எட்டு மணி நேரம் தட்டுகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் உட்காருவது முதுகு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. தட்டுவது எழுத்து அழிந்த பலகை. கடையில் குளிர்சாதனம் வைக்கிற முதலாளி, அது கம்ப்யூட்டருக்கு நல்லது என்று வைக்கிறார். கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு ஒரு நல்ல நாற்காலியும் ஆயிரம் ரூபாய்ப் பலகையும் வாங்கித் தர யோசிக்கிறார். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து, இரண்டு நிமிடம் கையை உதறி நடந்து விட்டு வர அனுமதிக்கட்டும். அதற்குக் காசே இல்லை.

பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் அறைக்குப் பலகை வாங்கும்போது தமிழ் எழுத்தும் பொறித்த பலகையாக வாங்க வேண்டும் என்று அரசு ஓர் உத்தரவு போடலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்த விசையில் அ-வைக் கண்டால், ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடி அலையாது.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியைப் பிரிக்காமல் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். பிரித்து, மேஜையில் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். இடது, வலது ஆள்காட்டி விரல் விசைகளில் சிறு மேடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கண்ணால் பாராமல் விரல் இடம் கண்டுபிடிக்க அது வேண்டும். பிறகு 'இடையஞ்சாவடி' என்று தமிழ் 99-ல் பத்து முறை தட்டிப் பாருங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அந்தப் பெயரில் ய, ஞ, ச மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றும் வலது சுண்டு விரலுக்கே வேலை வைக்கின்றன. பத்தாவது முறையும் அந்த விரல் தவறாமல் போய் விழுந்தால், பில்லும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் புறப்படலாம்.